சாமியை யார் இடிப்பது?

எங்கள் கல்லூரி கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், சவுக்குத் தோப்பை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் இருந்தது. கடலூர்க்காரர்கள் அதைச் சிதம்பரம் பக்கத்துக் கல்லூரி என்பார்கள். சிதம்பரத்துக்காரர்கள் கடலூர் பக்கம் என்று கையைக் காட்டுவார்கள். நல்ல பேர் வாங்கியிருந்தால் இரண்டு ஊரும் சொந்தம் கொண்டாடியிருக்கும். சேர்க்கை ரொம்பவும் சரிந்துபோன ஒரு வருஷத்தில் எங்கள் தாளாளர் அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கிவிட்டு வந்தார். சாக்லேட் கொண்டுவருவார் என்று ஆபீஸில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார்.

அதற்குப் பேர் அமெரிக்கன் ஃபுட்பால். பேரில்தான் கால் இருக்கிறது, வேலையெல்லாம் கைக்கு. இரண்டு முனையும் கூரான ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட வேண்டும். எதிரணிக்காரர்கள் அவனைக் கட்டிப் பிடித்தோ இடித்தோ தரையில் சாய்க்க வேண்டும். சாய்ந்த இடத்திலிருந்து மறுபடி ஆட்டம் தொடங்கும். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். யார் கையிலும் சிக்காமல் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் ஆறு புள்ளி. சுருக்கமாகச் சொன்னால், ஒருவரை ஒருவர் இடிப்பதுதான் ஆட்டம், மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு. எங்கள் கல்லூரி ஆடிய அந்த ஒரே பருவத்தில் என் விஷயத்தில் ஏற்பாடுகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. இடிப்பது மட்டும் நடக்கவில்லை.

எங்கள் பி.டி. சார் பழைய கபடி ஆட்டக்காரர். செல்போனில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். அதில் பேசுகிறவர்களின் இங்கிலீஷ் அவருக்குப் பிடிபடவில்லை என்பதால் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். ஒரு வாரம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லடா, இது பாடாத கபடி" என்று தீர்ப்பு சொன்னார். தாளாளரின் மருமகன் ஏதோ ஒரு அமெரிக்கப் பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட ஹெல்மெட்டுகளையும் தோள் கவசங்களையும் பெட்டி பெட்டியாக அனுப்பியிருந்தார். ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தால் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பையனின் வேர்வை நாற்றம் மூக்கில் ஏறும். கவசத்தை மாட்டிக்கொண்டு முதல் நாள் நாங்கள் வரிசையாக நின்றபோது, பெரியப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி இருந்தோம்.

எங்கள் கல்லூரி வாசலில் ஹெல்மெட் போட்ட படத்தோடு பேனர் ஏறியதும் அக்கம்பக்கத்துக் கல்லூரிகளுக்குத் தூக்கம் போய்விட்டது. இரண்டே மாதத்தில் கடலூர், விருத்தாசலம், விழுப்புரம், புதுச்சேரி எல்லா இடத்திலும் அணிகள் முளைத்தன. ஐப்பசி மழை விட்டதும் தொடங்கி, தை மாதம் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவதென்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை என்பது எவ்வளவு முக்கியமான விஷயம் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

என்னை ஓடுகிறவனாகப் போட்டார்கள். வேகம் எனக்கு எப்படி வந்தது என்று பி.டி. சார் ஒரு தடவை கேட்டார். பஸ் பிடித்து வந்தது சார் என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். எங்கள் தெரு ஊரிலிருந்து தள்ளி, வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பஸ் ஊருக்குள்தான் நிற்கும், எங்கள் பக்கம் வராது. அதனால் பள்ளிக்கூட நாளிலிருந்தே வரப்பில் ஓடித்தான் பஸ்ஸைப் பிடிப்பேன். ஊர் தொடங்கும் இடம் வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே விளங்கிவிடுகிற விஷயங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

எங்கள் கேப்டனும் அதே ஊர்தான், ஆனால் பஸ் நிற்கிற பக்கம். அரிசி மில் வீட்டுப் பையன். பந்தை எறிவதும், ஓடுகிறவன் கையில் அதைத் திணிப்பதும் அவன் வேலை. நல்லவன், கையில் இருக்கிற பப்ஸைப் பாதி பிய்த்துக் கொடுக்காமல் தின்ன மாட்டான். ஆனால் அவன் வீட்டுக்கு நான் போனால் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று குரல் கொடுப்பேன், அவன் வெளியே வருவான். அவன் என்னை உள்ளே கூப்பிட்டதில்லை, நானும் போகப் பார்த்ததில்லை. இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசாமல் இருந்ததால் எங்கள் நட்புக்கு ஒரு குறையும் வரவில்லை.

முதல் ஆட்டத்துக்கு முன்பு கார்த்திகை பிறந்தது. அந்த வருஷம் அப்பாவுக்கு நெஞ்சில் கோளாறு வந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்திருந்தார். அம்மா ஐயப்பனை வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டிக்கொண்டவள் அம்மா, பிழைத்தவர் அப்பா, மாலை போட்டு மலைக்குப் போக வேண்டியவன் நான். எங்கள் வீட்டில் வேலைகளை எப்போதுமே இப்படித்தான் பிரித்துக்கொள்வோம்.

கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் சந்தனம், காலில் செருப்பில்லாமல் மைதானத்துக்குள் நான் வந்து நின்றதும் பி.டி. சாருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"ஷூ?"

"போடக் கூடாது சாமி."

மாலை போட்டவன் யாரைப் பார்த்தாலும் சாமி என்றுதான் சொல்ல வேண்டும், அவனையும் மற்றவர்கள் அப்படித்தான் கூப்பிட வேண்டும். பி.டி. சார் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாமி ஆனார். அது அவருக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது என்றுகூட நினைக்கிறேன்.

"ஹெல்மெட்டு?"

"அதுக்குத் தடை சொன்ன மாதிரி தெரியல சாமி."

சந்தேகம் தீராமல் அவர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு, எனக்கு மாலை போட்டுவிட்ட குருசாமியிடம் போனார். குருசாமி புவனகிரி சாலையில் பஞ்சர் கடை வைத்திருப்பவர், பல வருஷம் மலைக்குப் போய் வந்தவர். கூடவே பரங்கிப்பேட்டைப் பையன் ஒருவனும் பந்தோடு தொற்றிக்கொண்டான். எங்கள் அணியில் பந்தைப் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பந்தை முதலில் பன்றித்தோலில் செய்தார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு, வீட்டில் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தான். மாலை போட்ட நானும் தோல் சாமானைத் தொடலாமா என்று தெரியாமல் விழித்தேன். குருசாமி டயர் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடுகிற மாதிரியே பந்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார்.

"ரப்பருதான். ரெண்டு பேரும் தாராளமாத் தொடுங்க" என்றார்.

"இவரு ஆட்டத்துல இடிக்கலாமா சாமி?" என்றார் பி.டி. சார்.

"இவரா போயி யாரையும் இடிக்கக் கூடாது. இவர வந்து இடிச்சா வாங்கிக்கட்டும். அதுல விரதம் கெடாது."

பந்தோடு ஓடுகிறவன் வேலையே இடி வாங்குவதுதான். சாஸ்திரமும் அமெரிக்காவும் இவ்வளவு சுலபமாக ஒத்துப்போகும் என்று பி.டி. சார் எதிர்பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியில் டீக்கடையில் நிறுத்தி எனக்குப் பால் வாங்கிக் கொடுத்தார்.

முதல் ஆட்டம் கடலூரில், மஞ்சக்குப்பத்து மைதானத்தில். வேட்டிக்குப் பதிலாகக் கறுப்புக் கால்சட்டை, ஜெர்சிக்கு மேலே மாலை, இடுப்பில் கறுப்புத் துண்டு, வெறுங்கால். உள்ளங்காலில் நெருஞ்சி ஏறிக்கொண்டிருந்தது. கேப்டன் பந்தை என் வயிற்றில் திணித்தான். முதல் இடிக்குத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். எதிரே மலை மாதிரி ஒருவன் கையை விரித்துக்கொண்டு வந்தான். கிட்டே வந்ததும் என் மாலையைப் பார்த்தான். தீயை மிதித்தவன் போல் ஒதுங்கிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவனுக்கு அடுத்தவனும் ஒதுங்கினான். மூன்றாமவன் ஹெல்மெட்டோடு கன்னத்தில் போட்டுக்கொண்டான். திரும்பிப் பார்த்தபோது கடைசிக் கோட்டைத் தாண்டி எவ்வளவோ தூரம் வந்திருந்தேன்.

இடைவேளையில் அந்த மலையிடமே போய்க் கேட்டேன்.

"ஏன் சாமி ஒதுங்கிட்டீங்க?"

"காலைல வூட்ல மட்டன் சாமி. ரெண்டு தடவ வாங்கித் தின்னேன். அந்தக் கையால உங்களத் தொட முடியுமா? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை. மாவட்டம் முழுக்கக் கறி வெந்துகொண்டிருக்கும் நாள். கறி தின்ற கையால் மாலை போட்டவனைத் தொட யாருக்கு மனசு வரும்? தப்பித் தவறி இடித்து இருவரும் விழுந்து, காலோ முட்டியோ என் மேல் பட்டுவிட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டு போய்க் கழுவுவது? எதிரணியில் ஒரு கிறிஸ்தவப் பையன் இருந்தான். அவனாவது வந்து இடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் எல்லோருக்கும் முன்னால் ஒதுங்கினான். தன் கை பட்டு மாலை அறுந்துவிட்டால் ஊரில் என்ன ஆகும் என்ற கணக்கு அவனுக்கு இருந்தது.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் இதே கதை. விழுப்புரம் அணியில் ஒருவன் ஆட்டத்துக்கு நடுவில் என்னிடம் வந்து பரீட்சை பாஸாக வேண்டும் என்று திருநீறு கேட்டான். நாங்கள் ஜெயித்துக்கொண்டே போனோம். தாளாளர் புது பேனர் வைத்தார், அதில் என் படம் கேப்டன் படத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதுவரை என்னை வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்காத ஆசிரியர்கள்கூட வழியில் பார்த்தால் சாமி சரணம் என்றார்கள்.

சந்தோஷமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு நிஜமாகவே சந்தோஷம்தான். அதற்கப்புறம் ஒரு எரிச்சல் உள்ளே புகுந்தது. மற்றவர்கள் ஆட்டம் முடிந்து வீங்கிய தோளையும் சிராய்த்த முழங்கையையும் காட்டிப் பீற்றிக்கொள்வார்கள். யார் யாரை எப்படிச் சாய்த்தான் என்று பஸ் முழுக்கப் பேச்சு. என்னிடம் காட்ட நெருஞ்சி முள் குத்திய பாதம்தான் இருந்தது. நான் ஆடினேனா, அல்லது ஒரு திருவிழாவில் என்னைச் சுற்றிக் கூட்டம் ஒதுங்கி வழி விட்டதா என்று எனக்கே தெரியவில்லை.

மார்கழியில் கேப்டன் வீட்டில் பூஜை வைத்து, மாலை போட்ட எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். முதல் தடவை மலைக்குப் போகிறவனைக் கன்னிசாமி என்பார்கள், அவனுக்கு மரியாதை ஜாஸ்தி. அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான் கன்னிசாமி. வழக்கம் போல வேப்பமரத்தடியில் நின்றேன். கேப்டனின் அம்மாவே வாசலுக்கு ஓடி வந்து, "உள்ள வாங்க சாமி, வெளிய நிக்கலாமா" என்றார்கள். கூடத்தில் மணை போட்டு உட்கார வைத்தார்கள். தாம்பாளத்தில் என் காலை வைத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பூப் போட்டு, குங்குமம் வைத்தார்கள். பிறகு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. என் அம்மா அந்த வீட்டு வயலில் நாற்று நட்டிருக்கிறாள். கூலி வாங்க வந்தால் அவளும் அந்த மரத்தடியில்தான் நிற்பாள்.

நான் யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். தெரிந்துதான் விழுந்தார்கள். மாலை அவ்வளவு பெரிய விஷயம். சாமிக்கு முன்னால் அவர்கள் காட்டிய பணிவில் துளிகூடப் பொய் இல்லை, அதனால் எனக்குக் கோபப்படவும் வழியில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது. மூன்று தடவை பாயசம் ஊற்றினார்கள்.

அன்று வரப்பில் நடந்து வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு ஒன்று உறைத்தது. என் தாத்தாவை யாரும் தொடவில்லை, அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். என்னையும் யாரும் தொடவில்லை, அதற்கு வேறு காரணம், மரியாதையான காரணம். கீழே வைத்தும் தொடவில்லை, மேலே வைத்தும் தொடவில்லை. நடுவில் மனுஷன் உயரத்தில் வைத்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எவனாவது என்னை இடித்துத் தள்ள மாட்டானா என்று ஏங்க ஆரம்பித்தேன். அந்தப் பருவத்தில் கோப்பை, பேனர் எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அது மட்டும்தான் வேண்டியிருந்தது.

பயிற்சியில் கேப்டனிடம் கேட்டே விட்டேன்.

"ஒரு தடவ என்னைப் புடிச்சுத் தள்ளு சாமி."

"எங்கம்மா உங்க கால்ல விழுந்துருக்காங்க சாமி. நான் உங்களத் தள்ளுனா எனக்கு வூட்ல சோறு கெடைக்காது" என்றான். அதுவரை டா போட்டுப் பேசியவன், கார்த்திகையிலிருந்து 'உங்க' என்றுதான் சொன்னான்.

அரையிறுதியில் ஒரு நம்பிக்கை வந்தது. புதுச்சேரி அணியின் பயிற்சியாளர் விவரமானவர். சாமியைச் சாமி தொடலாம், அதில் தோஷமில்லை என்று யோசித்து, தன் ஆள் ஒருவனுக்கு அவசர அவசரமாக மாலை போட்டுக் கூட்டி வந்திருந்தார். அவன் நெற்றியில் சந்தனம் இன்னும் காயவில்லை. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இன்றைக்கு வாங்கிவிடலாம் என்று பந்தோடு நேராக அவனை நோக்கி ஓடினேன். அவனும் ஆவேசமாக வந்தான். இரண்டு பேரும் நெருங்கியதும் அவன் வாய் தானாகத் திறந்தது.

"சாமி சரணம்" என்று என் காலைத் தொடக் குனிந்துவிட்டான்.

மாலை போட்ட ஒருவர் காலைத் தொட்டால் பதிலுக்கு அவர் காலைத் தொடாமல் விடுவது பெரிய தப்பு. யோசிக்கவே நேரமில்லை, நானும் குனிந்தேன். குனிந்ததில் என் முட்டி தரையில் பட்டது. பந்து வைத்திருப்பவன் முட்டி தரையில் பட்டால் அந்த முயற்சி அதோடு முடிந்தது. நடுவர் விசில் ஊதினார். ஊதிவிட்டு, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். அன்று முழுக்க இப்படியே போயிற்று. நான் ஓடுவேன், அவன் வருவான், ஒருவர் காலில் ஒருவர் விழுவோம், விசில். அந்தப் பயிற்சியாளர் ஓரத்தில் நின்று, "கால்ல விழாதடா, இடுப்பப் புடிடா" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவன் என்ன செய்வான், பாவம். கடைசியில் கேப்டன் என்னை நம்புவதை விட்டுவிட்டுப் பரங்கிப்பேட்டைப் பையனுக்குப் பந்தை எறிந்து எறிந்து ஆட்டத்தை ஜெயித்தான்.

மலைக்குப் போய் வந்தேன். கூட்டத்தில் நசுங்கி, படியேறி, நெய் கொட்டி, அப்பாவுக்காக மனசாரக் கும்பிட்டேன். அந்தக் கூட்டத்தில் ஆயிரம் பேர் என்னை இடித்தார்கள். அங்கே எல்லோரும் சாமி என்பதால் யாரும் யாருக்கும் ஒதுங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா விளக்கேற்றி என் மாலையைக் கழற்றினாள். மறுநாள் காலை தாடியை எடுத்துவிட்டு, சட்டை பேன்ட் போட்டுக்கொண்டு, அரவணைப் பாயச டப்பாவோடு கேப்டன் வீட்டுக்குப் போனேன். கேப்டன் இல்லை. அவன் அம்மா கேட்டுக்கு வந்து பிரசாதத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கறையாகக் கேட்டார்கள். பிறகு பிரசாதத்தை உள்ளே கொண்டு போனார்கள். நான் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வலித்தது. அதைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை.

இறுதி ஆட்டம் தை மாதத்தில், வடலூர் ஜோதிக்கு ஊரே கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு. மாலையில்லாத கழுத்தோடு நான் பயிற்சிக்கு வந்ததைப் பார்த்து பி.டி. சார் இடிந்து போனார். கொஞ்ச நேரம் கழித்து முகம் தெளிந்து, என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தைப்பூசம் வருதுல்ல? பழனிக்கு மாலை போட்டுக்கோ. பச்சை வேட்டி நானே வாங்கியாரேன்."

"எங்க வூட்ல பழனிக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்ல சார்."

"முருகன் யாருடா? ஐயப்பனுக்கு அண்ணன்தான? எல்லாம் ஒரே குடும்பத்துக்குள்ள போறதுதான்."

பக்கத்தில் நின்ற பரங்கிப்பேட்டைப் பையன், "எனக்கும் நோன்பு வருது சார், நான் நோன்பு வெச்சா என்னையும் தொட மாட்டாங்களா?" என்றான். கிண்டல்தான். ஆனால் பி.டி. சார் அதையும் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தார்.

"கழட்டுனது கழட்டுனதுதான் சார்" என்றேன்.

"உன் இஷ்டம். அடி கிடி பட்டுச்சுன்னா என்கிட்ட வராத."

"அதுக்குத்தான் சார் ஆடுறேன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மலையில் காற்று கருப்பு ஏதும் பட்டிருக்கும் என்று நினைத்திருப்பார்.

சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். எதிரணி விருத்தாசலம். அந்த ஆட்டத்தில் நாங்கள் படுதோல்வி அடைந்தோம், கோப்பை விருத்தாசலத்துக்குப் போனது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வருவது அதுவல்ல. எங்களைச் சாமி டீம் என்று கேள்விப்பட்டு வந்த அவர்கள், வரிசையில் எங்கள் முகங்களைத் தேடினார்கள். "சாமி எங்கப்பா?" என்று அவர்களில் ஒருவன் கேட்டான். "மலையேறிட்டாரு" என்றான் பரங்கிப்பேட்டைப் பையன். நான் கடன் வாங்கிய ஷூவில் நின்றுகொண்டிருந்தேன். மழமழவென்ற என் கன்னத்தை அவர்கள் யாரும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

முதல் முயற்சியிலேயே கேப்டன் பந்தை என்னிடம் கொடுத்தான். ஏழெட்டு அடிதான் ஓடியிருப்பேன். பக்கவாட்டிலிருந்து என்னமோ வந்து விலாவில் மோதியது. வானம், தென்னை மரம், மண் எல்லாம் வரிசையில்லாமல் கண்ணில் வந்து போயின. மூச்சு நின்றுவிட்டது. என் மேல் ஒருவன் கிடந்தான், அவன் மேல் இன்னொருவன் வந்து விழுந்தான், அவன் மேல் யாரோ. வாயில் மண்ணும் ரத்தமும் கலந்து ஒரு ருசி. அத்தனை பேர் கனமும் என் மேல் இருந்தது, எனக்கோ அவர்கள் எழுந்திருக்கவே வேண்டாம் என்று இருந்தது. அப்படியொரு ஆனந்தம். அழுகை வந்தது. ஹெல்மெட் இருந்ததால் நல்லதாகப் போயிற்று.

என்னை இடித்தவன் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. குட்டையான, கட்டையான பையன். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

"அடி கிடி பட்டுச்சா மச்சான்?"

எங்கள் காலேஜில் மச்சான் என்ற வார்த்தை காற்றில் பறந்துகொண்டிருக்கும். ஆளுக்கு ஆள், பெஞ்சுக்குப் பெஞ்சு சொல்லிக்கொள்வார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் மட்டும் என்னிடம் வரும்போது அதை விழுங்கிவிட்டு வெறும் டா போடுவார்கள். கேப்டனும் அப்படித்தான். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறவர்கள் சொல்லிக்கொள்ளும் வார்த்தை, விளையாட்டுக்குக்கூட அதற்கு ஒரு எல்லை இருந்தது. மேலே விழுந்து கிடக்கிற ஒருவன் அதை என்னிடம் இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டான்.

"இல்ல" என்றேன்.

மேலே கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவன் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "எந்த ஊரு நீ?" என்றான். சொன்னேன்.

"அட, எங்க அக்காவ அந்த ஊர்லதான் குடுத்துருக்கு. மாரியாத்தா கோயில் பக்கம். நீ எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்விக்கு வழவழவென்று பதில் சொல்ல எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பஸ் ஸ்டாப் பக்கம் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றலாம். இரண்டு மாதம் சாமியாக இருந்த எனக்கு ஏனோ அன்றைக்கு அது முடியவில்லை.

"வயலுக்கு அந்தாண்ட" என்றேன்.

அவன் "ஓ" என்றான். அக்காவைக் கொடுத்த ஊர், அவனுக்குப் புரியாமல் இருக்காது. திரும்பித் தன் வரிசைக்கு நடந்து போனான்.

எனக்கு உள்ளே எல்லாம் வற்றிப்போயிற்று. கேப்டன் மறுபடி என் பக்கம்தான் பந்து வருகிறது என்று சைகை காட்டினான். என்னை இடது பக்கம் ஓடச் சொல்லியிருந்தான், அங்கே வழி திறந்துதான் இருந்தது. அந்தக் கட்டைப் பையன் வலது பக்கம் நின்றான். பந்து கைக்கு வந்தது. நான் வலது பக்கம் ஓடினேன். பின்னால் கேப்டன் "டேய், அங்க இல்லடா" என்று கத்துவது கேட்டது. நேராக அவனைப் பார்த்தே ஓடினேன். ஒதுங்குவதாக இருந்தால் ஒதுங்கட்டும், அதையும் கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஓடினேன்.

அவன் ஒதுங்கவில்லை. குனிந்து, தோளைக் கொடுத்து, முன்னதைவிட ரெண்டு மடங்கு வேகத்தில் வந்து இடுப்பில் இடித்து, என்னைத் தூக்கி மல்லாக்கப் போட்டான். விசில் ஊதினார்கள். அவன் முதலில் எழுந்து, என் மேல் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, கையை நீட்டினான்.

"எந்திரி மச்சான்" என்றான்.